சின்சினாட்டி சுவரும் ரோடியர் மில் திடலும்

மொசைக் சுவரோவியம் ஒன்றைப் பார்க்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு தாள் இருந்தது என்பதை அநேகமாக நினைப்பதில்லை. கண்ணாடிச் சில்லுகளின் பளபளப்பு அப்படி. சில்லுக்கு முன்னால் ஒரு கரிக்கோடு இருந்தது. கரிக்கோட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றிருந்தார். கையில் சம்மட்டியோ, தோலோ, சோப்புக் கட்டியோ பிடித்துக்கொண்டு, "அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று யாரோ சொன்னதற்காக நின்ற ஆள்.

கொஞ்ச நாளாக இந்த ஆளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆலைத் தொழிலாளியின் உருவம் பொதுச் சுவருக்கு எப்படிப் போகிறது? போகிற வழியில் எது நிற்கிறது, எது உதிர்கிறது? எங்கோ அமெரிக்காவில் தொடங்கினாலும் இந்தக் கேள்வி கடைசியில் நம்ம வில்லியனூர், பாகூர் பக்கம்தான் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ரயில் நிலையமும் 14 தொழில்களும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி என்றொரு ஊர். சோப்பு, இறைச்சி, தோல், பியானோ, வானொலிப் பெட்டி, அச்சு மை, இரும்புத் தகடு என்று எல்லாம் தயாரான தொழில் நகரம். அங்கே யூனியன் டெர்மினல் என்ற பெரிய ரயில் நிலையம் 1933 மார்ச்சில் திறக்கப்பட்டது. அரைவட்டக் குடை மாதிரி முகப்பு. அதன் உட்சுவர்களை அலங்கரிக்கும் வேலை வினோல்ட் ரைஸ் என்ற ஓவியரிடம் வந்தது.

ரைஸ் 1886இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர். மூனிக்கில் படித்துவிட்டு 1913இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மொன்டானாவின் பிளாக்ஃபீட் பழங்குடி மக்களையும், நியூயார்க் ஹார்லெம் பகுதியின் கறுப்பின எழுத்தாளர்களையும் ஆசிரியைகளையும் வரைந்து பெயர் வாங்கியவர். அலேன் லாக் 1925இல் தொகுத்த புகழ்பெற்ற ஹார்லெம் தொகுப்பு நூலுக்குப் படம் போட்டவர் இவர்தான். அந்தப் படங்களில் ஒரு பழக்கத்தைக் கவனிக்கலாம். முகத்தையும் கையையும் முழுசாக, சதையும் நிழலுமாக வரைவார். சட்டையையும் உடம்பையும் வெறும் கோட்டில் விட்டுவிடுவார். பார்க்கிறவர் கண் நேராக முகத்துக்குப் போகும்.

சின்சினாட்டியில் அவர் செய்தது இரண்டு வகை. நுழைவு மண்டபத்தில் 100 அடிக்கும் மேல் நீளமான இரண்டு பெரிய சுவரோவியங்கள். ஊரின் வரலாறும் நாட்டின் வரலாறும். அதைத் தாண்டி ரயிலேறப் போகும் நீண்ட நடைக்கூடத்தில் 14 பலகைகள். ஒவ்வொன்றும் 20 அடிக்கு 20 அடி. இந்த 14இலும் ஊரின் ஆலைகள், அவற்றில் வேலை செய்த ஆட்கள். பியானோ செய்கிறவர், இறைச்சி வெட்டுகிறவர், தோல் பதனிடுகிறவர், மை அரைக்கிறவர், இரும்புத் தகடு உருட்டுகிறவர்.

இதற்காக ரைஸ் ஆலைகளுக்கு நேரிலேயே போனார். வேலை நடக்கிற இடத்தில் புகைப்படங்கள் எடுத்தார்கள். அதை வைத்து உருவப் படிப்பு, பிறகு சிறிய அளவில் வண்ண வடிவமைப்பு, பிறகு சுவர் அளவு. சுவரில் இருப்பவர்கள் கற்பனை ஆட்கள் இல்லை. அந்த ஊர்த் தொழிலாளிகள். சிலர் யார் என்று பின்னால் பெயரோடு அடையாளம் காணப்பட்டது. "அது எங்க தாத்தா" என்று காட்டும் குடும்பங்கள் உள்ள சுவர் அது.

கரியில் தொடங்குவது ஏன்?

இங்கே கரியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். நமக்குக் கரி புதிசு இல்லை. காளஹஸ்தியில் கலம்காரித் துணியில் முதல் கோடு போடுவது புளியங்குச்சியைச் சுட்ட கரியால். மெல்லிய குச்சி, மண்ணைப் போட்டு மூடிச் சுட்டால் உடையாமல் கருகும். பிடிக்கவில்லை என்றால் துணியால் தட்டினால் போய்விடும். ஐரோப்பியர்கள் திராட்சைக் கொடியையும் வில்லோ குச்சியையும் சுட்டார்கள். தத்துவம் ஒன்றுதான்.

கரியின் பலமே அது சீக்கிரம் போய்விடும் என்பதுதான். ஆள் நிற்கிறார்; இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் என்று தெரியவில்லை. பென்சிலாக இருந்தால் பயந்து பயந்து போடுவீர்கள். கரி என்றால் ஒரே இழுப்பில் தோளிலிருந்து குதிகால் வரை போட்டுவிட்டு, தப்பு என்றால் துடைத்துவிட்டு மறுபடி. நுனியால் இழுத்தால் கோடு. படுக்கவைத்து இழுத்தால் அகலமான நிழல். இரண்டும் ஒரே குச்சியில்.

மொசைக்குக்கு இது இன்னும் பொருந்தும். கண்ணாடிச் சில்லுகளை வைத்து நிழலைத் தேய்த்து மங்கவைக்க முடியாது. ஒரு சில்லு ஒரு நிறம். ஆகவே ஓவியர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்: இந்தக் கையில் வெளிச்சம் எதுவரை, இருட்டு எங்கே தொடங்குகிறது, நடுவில் எத்தனை படி. கரித்தாளிலேயே உடம்பை வெளிச்சத் துண்டு, நடுத்துண்டு, இருட்டுத் துண்டு என்று பிரித்துவிட வேண்டும்.

ரைஸின் சுவரில் இன்னொரு தேவையும் இருந்தது. முழுச் சுவரையும் சில்லால் நிரப்பினால் செலவு எங்கேயோ போய்விடும். ஆட்களுக்கும் வடிவங்களின் ஓரங்களுக்கும் மட்டும் கண்ணாடிச் சில்லு. பின்புலத்துக்கு நிறம் கலந்த சுண்ணச் சாந்து. அப்படியானால் ஓரக்கோடுதான் எல்லாமே. கோடு தடுமாறினால் 20 அடிச் சுவரில் அந்தத் தடுமாற்றம் ரயிலேறப் போகிறவனுக்கும் தெரியும்.

தாளிலிருந்து சுவருக்கு எப்படிப் போகிறது? கட்டம் போட்டுப் பெரிதாக்குவது ஒரு வழி. சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னப் படத்தில் கட்டம், பெரிய துணியில் கட்டம், கட்டத்துக்குக் கட்டம். இன்னொரு வழி, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, துணிப் பொட்டலத்தில் கட்டிய கரிப்பொடியைத் தட்டுவது. அடியில் புள்ளிக்கோடு விழும். இத்தாலியச் சுவரோவியர்களும் நம் நாட்டுச் சிற்றோவியர்களும் இரண்டு பேருமே இதைச் செய்திருக்கிறார்கள்.

மொசைக் கம்பெனிகளின் வழக்கம் இதற்கும் ஒரு படி மேலே. சுவர் அளவுப் படத்தை வலது இடதாக மாற்றி வரைவார்கள். அந்தத் தாளின் மேல் சில்லுகளை முகம் கவிழ்த்து ஒட்டுவார்கள். பிறகு தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே ஈரச் சாந்தில் அப்படியே அழுத்தி, பசை ஊறியதும் தாளை உரித்துக் கழுவினால் படம் நேராகத் தெரியும்.

இதில் போவது எது என்று பாருங்கள். சுவர் அளவுத் தாள் வெட்டுப்பட்டு, நனைந்து, உரிந்து போய்விடுகிறது. மிஞ்சுவது சின்னத் தாள்கள்தான். ஆலையில் நின்ற ஆளைப் பார்த்து முதலில் போட்ட கரிப்படிப்பு, வேலை முடிந்த பிறகு யாருக்கும் தேவையில்லாததால் ஓவியரின் கோப்பில் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து அருங்காட்சியகங்கள் அதைத் தேடி வாங்குகின்றன. தேவையில்லை என்று ஒதுக்கினதுதான் ஆவணமாகிறது. நம்ம வீட்டுப் பரணிலும் இதே கதைதானே.

சுவரில் வராதவை

1931 முதல் 1933 வரை ரைஸ் இந்த வேலையைச் செய்த காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் உச்சம். ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. சுவரில் அதெல்லாம் இல்லை. எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். யாரும் களைத்திருக்கவில்லை. யாரும் வாசலில் நின்று கூலி கேட்கவில்லை.

ரைஸைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பொதுச் சுவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பது கரித்தாளிலேயே தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். இதைவிடத் துலக்கமான உதாரணம் அடுத்த மாநிலத்தில், மிச்சிகனில் நடந்தது.

1932 மார்ச் 7. டெட்ராய்ட்டிலிருந்து வேலையிழந்த தொழிலாளர்கள் டியர்போர்னில் இருந்த ஃபோர்டு கார் ஆலையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். போலீசும் கம்பெனிக் காவலர்களும் சுட்டார்கள். அன்றே 4 பேர் செத்தார்கள், பிறகு இன்னொருவர். அடுத்த மாதம், ஏப்ரலில், மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா அதே டெட்ராய்ட்டில் வந்து இறங்கினார். அதே ஃபோர்டு ஆலையை வரைவதற்கு. செலவு ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டுடையது. ரிவேரா கம்யூனிஸ்ட் என்று எல்லோருக்கும் தெரியும். டெட்ராய்ட் கலைக்கூடத்தின் முற்றத்தில் அவர் வரைந்த 27 பகுதிகள் உலகப் புகழ் பெற்றவை. எந்திரத்தோடு எந்திரமாக வளைந்து தள்ளும் தொழிலாளிகளை அப்படி யாரும் வரைந்ததில்லை. ஆனால் மார்ச் 7 அதில் இல்லை.

அந்தச் சுவரோவியங்களுக்காக ரிவேரா கரியில் போட்ட பெரிய தாள்கள் கலைக்கூடத்தின் கிடங்கில் சுருட்டியபடியே கிடந்து, 1979இல்தான் மறுபடி கண்ணில் பட்டன. அவ்வளவு பெரிய ஓவியரின் தாள்களுக்கே இந்தக் கதி.

சின்சினாட்டி சுவருக்கு வந்த கதி வேறு. ரயில் பயணம் படுத்துப்போய், 1972இல் அந்த நிலையத்துக்குப் பயணிகள் ரயில் வருவதே நின்றது. நடைக்கூடத்தை இடிக்க முடிவானது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டி, 14 பலகைகளையும் சுவரோடு பெயர்த்து, 1973இல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றும் பல டன் எடை. நடைக்கூடத்தில் இருந்த உலக வரைபட மொசைக்கைக் காப்பாற்ற முடியவில்லை. 1974இல் கட்டடத்தோடு போனது. விமான நிலையத்தின் பழைய கட்டடங்களும் பிற்பாடு இடிபட்டபோது, 9 பலகைகள் மறுபடி இடம் பெயர்ந்து நகர மாநாட்டு மையத்துக்கு வந்தன. நின்றபடி வேலை செய்த தொழிலாளிகளை அந்த ஊர் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

மெரினாவின் நாலு பேர்

தமிழ்நாட்டில் தொழிலாளி உருவம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது மெரினா உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. வங்காளத்துக்காரர், 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர், 1957 வரை அங்கேயே இருந்தார். சிலை 1959 ஜனவரியில், குடியரசு நாளை ஒட்டி நிறுவப்பட்டது. அதே கடற்கரையில்தான் 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

நாலு பேர். கட்டையைக் கொடுத்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். கழுத்து நரம்பு, முதுகுத் தண்டு, பின்னங்கால் எல்லாம் முறுக்கேறியிருக்கும். இதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஓவியப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் உண்டு என்று சென்னையில் வெகுநாளாகச் சொல்லப்படுகிறது. ராய் சௌத்ரிக்கு மல்யுத்தத்தில் ஈடுபாடு. உடம்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அது சிலையிலும் தெரிகிறது.

எனக்கு அந்தச் சிலை மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. அந்த நாலு பேர் ஆலைத் தொழிலாளிகள் இல்லை. கோவணம், தலைப்பாகை, பாறை. எந்தக் காலத்து ஆட்களாகவும் இருக்கலாம். சிலை வைத்த அதே ஊரில் பெரம்பூர் பி அண்ட் சி மில் இருந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் ஆட்களால். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அவர்கள் மேல்தான். அந்த மில் ஆளின் உடம்பு பாறை நெம்பும் உடம்பு அல்ல. ஒல்லியாக, நாள் முழுக்க நின்றபடி, எந்திரத்தின் சத்தத்தில் ஒரு சின்ன மாறுதல் வந்தாலும் திரும்பிப் பார்க்கிற உடம்பு. உழைப்பு என்றதும் நாம் புஜத்தை வரைகிறோம். காதையும் விரலையும் பாதத்தையும் வரைவதில்லை.

1936 ஜூலை 30

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

புதுச்சேரியில் பெரிய பஞ்சாலைகள் மூன்று. சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில். சவானா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கியது. பிற்காலத்தில் சுதேசி மில். கெப்ளே பிறகு பாரதி மில். ரோடியர் 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏஎஃப்டி. இங்கே நெய்து அவுரிச் சாயம் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. நம்ம ஊர் நீலத்தை அங்கே பணம் மாதிரியே கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

1930களின் நடுவில் வ. சுப்பையாவின் முயற்சியில் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 1934இல் அவர் தொடங்கிய 'சுதந்திரம்' இதழ் அவர்கள் குரலானது. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1936 ஜூலையில் மில்லுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சவானா மில்லில் சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டிருந்தது. பாரிஸில் 40 மணி நேரச் சட்டம். ஆறு வாரத்துக்குள் அதே கொடியின் கீழே நம்ம ஊரில் குண்டு. பிறகு சுப்பையா பிரான்சுக்கே போய்ப் பேசினார். 1937 ஏப்ரலில் வந்த ஆணை 8 மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் கொடுத்தது. ஆசியாவிலேயே முதலில் 8 மணி நேர வேலை வாங்கியது நாங்கள்தான் என்று புதுச்சேரித் தொழிற்சங்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30 வந்தால் செங்கொடியோடு போய் மாலை போடுவார்கள்.

டியர்போர்னில் 5, புதுச்சேரியில் 12. அங்கே கரிக்குச்சியோடு ஓர் உலக ஓவியர் அடுத்த மாதமே வந்தார். வந்தும் அந்த நாளை வரையவில்லை. இங்கே வரைய யாரும் வரவில்லை. ஆனால் அந்த நாளை ஊர் விடவில்லை. எது பெரிது என்று நான் தராசு பிடிக்க மாட்டேன். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும்

மில் நகரத்தில் இருந்தாலும் மில் ஆள் எல்லோரும் நகரத்து ஆள் இல்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை 1879இலேயே வந்துவிட்டது. வில்லியனூர் அந்தப் பாதையில் ஒரு நிலையம். பாகூர் ஆட்களுக்கு நடையும் பிறகு சைக்கிளும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தக் கொம்யூன்கள் ஒட்டுத் துணி மாதிரி. நடுநடுவே ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டுக் கிராமங்கள். வேலைக்குப் போக ஒரு சாம்ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்து, மறுபடி பழையதற்குள் வந்தவர்களும் உண்டு.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். ஏரி நிறைந்தால் நடவு, அறுவடை. ஆகவே மில்லுக்குப் போனவர் பாதி விவசாயி. காலை ஷிப்டு முடித்து வந்து மடையைத் திறந்துவிடப் போவார். உடம்பில் இரண்டு வேலையும் இருக்கும்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். சின்சினாட்டி படங்களைப் போனில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா இவன் நிக்கறது நிஜமா வேல செய்யறவன் நிக்கற மாதிரி இல்ல தம்பி. போட்டோவுக்கு நிக்கறான்."

"நீங்க எப்படி நிப்பீங்கண்ணே?"

எழுந்துவிட்டார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினார். இடது கால் முன்னால், வலது கால் அரை அடி பின்னால். இடது கை இடுப்பு உயரத்தில் எதையோ பிடித்தது. வலது கை விரல்கள் மட்டும் காற்றில் ஏதோ முடிந்தன. தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது.

"காதுதான் முக்கியம். கண்ணு இந்தத் தறியில இருக்கும், காது பக்கத்துத் தறியில இருக்கும். நூலு அறுந்தா சத்தம் மாறும். உள்ள பேசினா ஒண்ணும் கேக்காது. கையாலதான் பேசுவோம், ஒதட்டப் பாத்துப் புரிஞ்சிப்போம். வீட்டுக்கு வந்தும் சத்தமா பேசறேன்னு என் பொண்டாட்டி திட்டும்."

ஸ்பின்னிங்கில் இருந்தவர்கள் நிற்பதே வேறு மாதிரி என்றார். அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். குனிந்து, கையை நீட்டி, அறுந்த இழையை ஒட்டிவிட்டு அடுத்த கதிருக்கு. "நிக்கறத வச்சே எந்த டிபார்ட்மெண்டுன்னு சொல்லிடுவேன். டீக்கடையில நின்னாலும் அப்படித்தான் நிப்பானுங்க."

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கரிப்படிப்பு பிடிக்க வேண்டியது இதை. புஜத்தை அல்ல. சாய்ந்த தலையை, காற்றில் முடிச்சுப் போடுகிற விரலை.

ரோடியர் மில்லை 1980களில் புதுவை அரசே எடுத்துக்கொண்டது. 2011 டிசம்பர் தானே புயல் கூரையையும் எந்திரத்தையும் ஒருவழி பண்ணியது. 2020இல் மில் ஒரேயடியாக மூடப்பட்டது. கடைசித் தலைமுறை ஆட்களில் பலர் இப்போது வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். தறி போய்விட்டது, நின்ற விதம் மட்டும் உடம்பில் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு?

கையில் இருக்கும் பொருள்

நம்மிடம் கலைஞர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் கலையில் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அய்யனார் குதிரையையும் மதுரைவீரனையும் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணில் நிறுத்தின கைகள் இந்தப் பக்கத்துக் கைகள். சில்லு என்று வந்தால், பாகூருக்குப் போகிற வழியில் இருக்கிற அரிக்கமேட்டில் 2000 ஆண்டுக்கு முன்னாலேயே கண்ணாடியை உருக்கி, இழுத்து, நறுக்கி மணியாக்கிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது உலகத்துக்குத் தெரிந்தது. நினைவுச் சின்னமும் புதிதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த கீழூர், வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது. அங்கே நினைவிடம் இருக்கிறது. மண்ணும் கண்ணாடியும் கையும் நினைவும் எல்லாம் இருக்கிறது. மில் ஆளின் உருவப் படிப்புதான் மிச்சம்.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்சினாட்டியில் தொழிலாளி உருவத்தை வைத்த இடம் பயணிகள் கடந்து போகும் கூடம். அது தற்செயல் இல்லை. ஊருக்குள் நுழைகிறவனும் ஊரை விட்டுப் போகிறவனும் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசித்து வைத்தது. புதுச்சேரியில் 2024இல் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது தற்காலிக நிலையம் எங்கே வந்தது? ஏஎஃப்டி திடலில். ரோடியர் மில் ஆட்கள் பெயரைச் சுமக்கிற அதே திடல். ஆயிரக்கணக்கான பேர் அங்கே பஸ்ஸுக்கு நின்றார்கள். பாகூர் பஸ்ஸுக்கும் வில்லியனூர் பஸ்ஸுக்கும் நின்றவர்களில் எத்தனை பேரின் தாத்தா அங்கே சங்கு ஊதும் சத்தம் கேட்டு உள்ளே ஓடியிருப்பார்!

பெரிய சுவர், பெரிய செலவு என்பதெல்லாம் அரசு வேலை, வரும்போது வரட்டும். அதற்கு முந்தின வேலையை இப்போதே தொடங்கலாம். அது நாம் செய்யக்கூடியது. வரைகிற பிள்ளைகள் யாராவது ஒரு கட்டுத் தாளும் நாலு கரிக்குச்சியும் எடுத்துக்கொண்டு வில்லியனூர், பாகூர் பக்கத் தெருக்களில் போகட்டும். மில்லில் இருந்த பெரியவர்களையும் அம்மாக்களையும் "நீங்க வேலையில எப்படி நிப்பீங்க, காட்டுங்க" என்று கேட்கட்டும். வரையத் தெரியாதவர்கள் போனில் படம் எடுங்கள். முக்கியமாகத் தாளின் மூலையில் மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர் விருப்பப்பட்டால் பெயர், எந்த மில், எந்த டிபார்ட்மெண்ட்.

டெட்ராய்ட்டில் சுருட்டிப் போட்ட தாள் 47 வருஷம் கழித்தும் கிடைத்தது. தாள் காத்திருக்கும். பெரியவர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில்லுக்குப் போனவர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேசுங்கள். எங்கள் தெருப் பெரியவரைப் பக்கத்து வீட்டுப் பையன் கரியில் மூன்று தாள் போட்டிருக்கிறான். முதல் இரண்டில் கையைப் பெரிதாகப் போட்டுவிட்டான். மூன்றாவதில் அந்தச் சாய்ந்த தலை வந்துவிட்டது. பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ம், தறி ஓடுது" என்றார்.